லிட்டருக்குப் பதினெட்டு

ஸ்ரீகண்டனுக்குத் தலை போனாலும் போகலாம், மைலேஜ் போகக் கூடாது. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் இயந்திரங்களோடு மாரடித்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு மாரடிக்க அவருக்கு மிஞ்சியது, இந்திராநகர் அபார்ட்மெண்டின் பேஸ்மெண்டில் நிற்கும் பதினோரு வயதான சின்ன ஹேட்ச்பேக் கார் ஒன்றுதான். சுற்றி நிற்கிற பெரிய வண்டிகளைப் பார்த்து அவர் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. பரிதாபப்படுவார். "லிட்டருக்கு ஒம்போது குடுக்கறது அந்த யானை. அதுக்கு நீ சல்யூட் வேற அடிக்கறே," என்று செக்யூரிட்டியைச் சீண்டுவார்.

அவருடைய வண்டி பெங்களூர் டிராஃபிக்கில் லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை, கறந்தார். ஞாயிறு தவறாமல் டயருக்குக் காற்று. டிக்கியில் குடைகூட இருக்கக் கூடாது, எடை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மாட்டார், தொடுவார். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலே காலை எடுத்துவிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரனில் படுத்துத் தூங்கினாலும் கவலையில்லை. பெட்ரோல் போடுவதும் எப்போதும் ஒரே பங்க், ஒரே பம்ப். "ஆட்டோ கட் ஆய்த்து சார்" என்று, பம்ப் தானாக நின்றுவிட்டதைப் பையன் கன்னடத்தில் சொன்ன பிறகு ஒரு சொட்டு விடக் கூடாது. டேங்க் நிரம்பியதிலிருந்து அடுத்த முறை நிரம்புகிற வரைக்கும் ஓடிய கிலோமீட்டர், நிரப்பிய லிட்டர், வகுத்தால் வருவது, எல்லாம் ஒரு டைரியில் ஏறும். அங்கிருந்து அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்புக்குப் போகும். "18.2. சிட்டி டிரைவிங்." அசோசியேஷன் செக்ரட்டரி ராம்கி உடனே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அன்று முழுக்க ஸ்ரீகண்டனுக்குச் சாப்பாடு ருசிக்கும்.

அந்தக் காரில் எல்லாப் பட்டன்களும் தேய்ந்து எழுத்து அழிந்திருக்க, ஏசி பட்டன் மட்டும் ஷோரூமிலிருந்து வந்த அன்றைக்குப் போலவே பளபளவென்று இருந்தது. "பெங்களூர்ல ஏசியா? இது என்ன மெட்ராஸா?" என்பார். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற குடும்பம். ஊரின் குளிர்ச்சிக்கே தாங்கள்தான் பொறுப்பு என்பது போல அவர்கள் வீட்டில் எல்லோருமே பேசுவார்கள். ஏரிகள் போய், மரங்கள் போய், ஏப்ரலில் தார் உருகுகிற காலம் வந்த பிறகும் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. பக்கத்து சீட்டில் மனைவி ருக்கு, சிக்னலுக்குச் சிக்னல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமுவாள். தூசி அலர்ஜி என்று ஸ்ரீகண்டன் அதற்கும் ஒரு பேர் வைத்திருந்தார். பேர் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

பிப்ரவரி கடைசியில் அவருக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன், ஒரு மாதம் விட்டு இன்னொரு கண்ணில். இரண்டும் ஆறுகிற வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வாரத்தில் மூன்று நாள் ருக்கு வைட்ஃபீல்ட் போயாக வேண்டும். மகள் ஸ்னேஹா ஆபீஸ் போகிற நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். மெட்ரோ படிகளுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் ஒரு டிரைவர் தேவைப்பட்டது.

சின்னப்பா அப்படித்தான் வந்தான். பக்கத்து ஏழைப் பேட்டையான ஜோகுபாளையத்துக்காரன், நாற்பத்தைந்து வயது, அதே அபார்ட்மெண்டில் இன்னும் இரண்டு வீடுகளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்ரீகண்டன் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தார். எந்த வேகத்தில் எந்த கியர், எங்கே காலை எடுக்க வேண்டும், எத்தனை வினாடி சிக்னலுக்கு இன்ஜினை அணைக்க வேண்டும். சின்னப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆவட்டும் சார். உங்க வண்டிக்கு நான் கெட்ட பேரு வாங்கித் தர மாட்டேன்," என்றான்.

முதல் டேங்க் பதினாலு புள்ளி ஒன்பது வந்தது.

புது ஆள், பழக நாளாகும் என்று விட்டார். இரண்டாவது டேங்க் பதினாலு புள்ளி இரண்டு. அன்று ராத்திரி ஸ்ரீகண்டனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு மிஷின் மக்கர் பண்ணினால், பத்துக் காரணம் பார்த்துவிட்டுத்தான் அதை ஓட்டுகிற ஆளைக் கேட்பது அவர் வழக்கம். அதற்காக அங்கே அவருக்கு நல்ல பேர் உண்டு. இங்கே ஒரு காரணமும் பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றவில்லை, ஃபில்டரைத் தட்டவில்லை. ஜோகுபாளையத்திலிருந்து ஓர் ஆள் வந்தான், பெட்ரோல் குறைந்தது. அவ்வளவு போதுமாக இருந்தது அவருக்கு.

ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்கிற உத்தேசத்தோடு அவரும் கூடப் போனார். முன் சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து கவனித்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் போல ஓட்டினான். டின் ஃபேக்டரி சிக்னலில் இன்ஜினை அணைத்தான். நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தது. பக்கத்தில் பஸ் விட்ட புகை உள்ளே வந்து சுற்றியது. பின் சீட்டில் ருக்கு இருமினாள், நிறுத்தினாள், மறுபடி இருமினாள். சின்னப்பா பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவளை இரண்டு மூன்று தடவை பார்த்தான். அவன் கை ஒருமுறை டாஷ்போர்டு பக்கம் போய்த் திரும்பியது. நான் இருக்கும்போது ஒழுங்காக ஓட்டுகிறான். அப்படியானால் ஓட்டத்தில் குறை இல்லை, பெட்ரோல்தான் வேறெங்கோ போகிறது என்று ஸ்ரீகண்டன் முடிவு கட்டினார். தன் புத்திசாலித்தனத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

மூன்றாவது டேங்க் பதினாலு புள்ளி ஒன்று வந்த அன்றைக்கு மறுநாள் காலை, பேஸ்மெண்டில் சின்னப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டைரியோடு இறங்கினார்.

"ஏழு வாரம். தொள்ளாயிரம் கிலோமீட்டர். பதிமூணு லிட்டர் காணோம். எங்கடா போச்சு?"

அதுவரை அவனை அவர் 'டா' போட்டதில்லை.

சின்னப்பா துணியைப் பிழிந்தான். "நான் எடுக்கல சார்."

"நீ எடுக்கலேன்னா ஆவியாப் போச்சா? நான் இன்ஜினியர்டா. எனக்குக் கதை விடாதே."

"எடுக்கல சார்," என்று மறுபடி சொன்னான். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். லிஃப்ட் இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தான். ருக்கு கீழே வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, சாவியை பானெட் மேல் வைத்தான்.

"சரி சார். நான் வரேன்."

அந்த மௌனமே வாக்குமூலம் என்று ஸ்ரீகண்டன் எடுத்துக்கொண்டார். மேலே போய், கேட் பாஸுக்காக வாங்கி வைத்திருந்த அவன் லைசென்ஸ் போட்டோவை குரூப்பில் போட்டு, 'பெட்ரோல் திருடும் டிரைவர், எச்சரிக்கை' என்று எழுதினார். பதினேழு கட்டைவிரல்கள் எழும்பின. ருக்கு அந்த குரூப்பில் இல்லை. அவளிடம், "அவனுக்கு வேற எடத்துல வேலை கெடைச்சுடுத்தாம்," என்றார். அன்றைக்கு அவளுக்கு ஒரு டாக்ஸி கூப்பிட்டுக் கொடுத்தார்.

மே மாதம் அவரே ஓட்ட ஆரம்பித்தார். கார் கண்ணாடிகள் இறங்கின. முதல் டேங்க் பதினேழு புள்ளி ஒன்பது. டைரியை ருக்குவிடம் நீட்டி, "பாத்தியா, பழைய மைலேஜ் வந்தாச்சு," என்றார். அவள் இருமிக்கொண்டே தலையாட்டினாள். குரூப்பிலும் போட்டார். ராம்கி, "திருடன் போனான், மைலேஜ் வந்தது" என்று பதில் எழுதியிருந்தார். அதை இரண்டு தடவை படித்தார்.

மூன்றாவது வாரம், ருக்கு காய்கறிப் பையோடு வீட்டுக்குள் வந்தாள். பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஏன்னா, சின்னப்பா பெட்ரோல் திருடினானா?"

"யார் சொன்னா?"

"ராம்கி. லிஃப்ட்ல. 'நல்லவேளை மாமி, மாமா கண்டுபிடிச்சார்'ங்கறார். வேற வேலை கெடைச்சுடுத்துன்னு சொன்னேளே எங்கிட்ட?"

"நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லலை. பதிமூணு லிட்டர் ருக்கு. சும்மா விட முடியுமா?"

ருக்கு பையைக் கீழே வைத்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்தப் பதிமூணு லிட்டரையும் குடிச்சது நான்தான்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"மொதல் நாளே டின் ஃபேக்டரிகிட்ட எனக்கு மூச்சு அடைச்சுண்டுடுத்து. இன்ஹேலர் பம்ப் அடிச்சுண்டேன், கேக்கலை. அவன் பயந்துபோய் ஓரமா நிறுத்தி, எல்லாக் கண்ணாடியையும் ஏத்தி, ஏசியைப் போட்டான். ஓடிப்போய்த் தண்ணி வாங்கிண்டு வந்தான். பத்து நிமிஷத்துல மூச்சு வந்தது. அதுக்கப்புறம் தினம் போடுன்னு நான்தான் சொன்னேன். சார்கிட்ட சொல்லாதேன்னும் நான்தான் சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ருக்கு."

"சொன்னேனே. வண்டி வாங்கின வருஷம் கேட்டேன். அடுத்த வருஷமும் கேட்டேன். இது என்ன மெட்ராஸான்னேள். உங்க தம்பி, அவன் பொண்டாட்டி, எல்லாரும் சிரிச்சா. அதுக்கப்புறம் கேக்கலை."

காய்கறிப் பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, யாரோ மூன்றாம் மனுஷரைப் பற்றிச் சொல்கிறவள் போலச் சொன்னாள். "திரும்பி வரச்சே, நம்ம தெருவுக்கு முன்னாடி பிள்ளையார் கோவில் முனை இருக்கோன்னோ, அங்க வந்ததும் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிடுவோம். வண்டிக்குள்ள ஜில்லுன்னு இருந்தா நீங்க கண்டுபிடிச்சுடுவேளே."

ஸ்ரீகண்டனுக்கு வெட்கமாக இருந்தது. காது மடல் சுட்டது. அறுபத்து நாலு வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததில்லை. தன் வண்டியில், தன் மனைவி, காற்றைத் திருட்டுச் சாமான் போல ஒளித்து வைத்திருக்கிறாள். அவள் இருமியது பதினோரு வருஷமாக அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

வெட்கம் வந்தால் மனிதன் உடனே திருந்திவிடுவான் என்பதெல்லாம் பேச்சு. முதலில் அதை மூடத்தான் துணி தேடுவான். ஸ்ரீகண்டனும் தேடினார். அரை மணி நேரம் யோசித்து, குரூப்பில் இப்படி ஒரு செய்தி போட்டார்: 'மைலேஜ் கணக்கில் என் தரப்பில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. டிரைவர் சின்னப்பா மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை.' போட்டதும் நெஞ்சு லேசானது. கட்டைவிரல்கள் வந்தன. கும்பிடும் கைகளும் வந்தன. மறுநாள் காலை, நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலைக்கும் கூப்பிடலாம் என்று ஜோகுபாளையம் கிளம்பினார். ருக்கு நானும் வருவேன் என்று ஏறிக்கொண்டாள்.

காரை உள்ளே கொண்டுபோகக் கஷ்டமான சந்து. சின்னப்பாவின் வீடு ஒரே அறை, சுவரில் ஒரு புத்தர் படம். அவன் மனைவி பாஞ்சாலி, ருக்குவைப் பார்த்ததும், "வாங்கம்மா, இப்ப மூச்சு எப்படி இருக்குது?" என்று கேட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவருக்கும் ஒன்று போட்டாள். அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

சின்னப்பா உள்ளேயிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். தண்ணீர் லாரி ஓட்டுகிறானாம். விடியற்காலை மூன்று மணிக்குப் போனால் ஒன்பதுக்கு வருவான். "அந்த ரெண்டு வூட்லயும் அன்னிக்கே வராதேன்னுட்டாங்க," என்றாள் பாஞ்சாலி. "வாட்ச்மேன் போட்டோவ அனுப்பினாரு. எங்க சந்துல எல்லார் போன்லயும் கீது."

ஸ்ரீகண்டன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "சின்னப்பா, தப்பு நடந்துடுத்து. மறுப்பு நேத்திக்கே குரூப்ல போட்டுட்டேன். பாரு." போனை நீட்டினார்.

சின்னப்பா வாங்கிப் பொறுமையாகப் படித்தான். கீழே வந்திருந்த பதில்களையும் தள்ளித் தள்ளிப் படித்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. போனைத் திருப்பி அவரிடம் காட்டினான். ராம்கி எழுதியிருந்தார்: 'உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு சார். ஏழையாயிற்றே என்று விட்டுக்கொடுக்கிறீர்கள்.' அதற்குக் கீழேதான் அத்தனை கும்பிடும் கைகளும் இருந்தன.

"கணக்குல தப்புன்னு போட்டுக்கீறீங்க," என்றான் சின்னப்பா. அவன் குரல் ஏறவில்லை. "உங்க கணக்கு தப்பாவும்னு அங்க யாரு சார் நம்புவாங்க? பதினொரு வருஷமா அவங்க உங்க கணக்கப் பாத்துக்கினு கீறாங்க. நான் இன்னும் திருடன்தான் சார். நீங்க நல்லவராயிட்டீங்க."

நேற்று அந்தப் பதில்களை ஸ்ரீகண்டனும் படித்தார். கைகளை எண்ணினார். என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. படவிடவில்லை.

"நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே," என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று அவருக்குத் தெரிந்தது.

"சொல்லியிருந்தா அம்மாவ கேட்டிருப்பீங்க. இந்த வயசுல அவங்க உங்க முன்னால நின்னு பதில் சொல்லணும். எனக்கு வேற வேலை கெடைக்கும், அவங்களுக்கு?"

ருக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன பண்ணணும் சொல்லு," என்றார் ஸ்ரீகண்டன்.

"எனக்கு வேலை வேணாம் சார். போட்டோ போட்ட எடத்துலயே நடந்தத எழுதுங்க. முழுசா."

முழுசா என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். பதினேழு கட்டைவிரல்களுக்கும், ராம்கிக்கும், யானை என்று அவர் கிண்டல் செய்த வண்டிக்காரர்களுக்கும் முன்னால் உடம்பைத் திறந்து காட்டுகிற மாதிரி. அவர் ருக்குவைப் பார்த்தார். அவளைக் கேட்காமல் அவள் பேரை எழுத இன்றைக்காவது கை வரக் கூடாது.

"எழுதுங்கோ," என்றாள் அவள். "எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்லை."

புதுக் கண்களுக்கு எழுத்து இன்னும் சரியாகப் பழகவில்லை. பாஞ்சாலி போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் குரூப்பில் உண்டு, இந்த முறை எல்லோரும் படிக்க வேண்டும். சின்னப்பாவின் பேருக்கு முன்னால் முதல்முறையாக 'மிஸ்டர்' போட்டார். முடித்ததும், சின்னப்பாவுக்குப் புரியும்படி தமிழில் வாய்விட்டுச் சொன்னார்.

"மிஸ்டர் சின்னப்பா ஒரு சொட்டுப் பெட்ரோலும் திருடலை. அது ஏசிக்குப் போச்சு. என் மனைவிக்கு மூச்சுத் திணறல் உண்டு. மைலேஜுக்காகப் பதினோரு வருஷம் நான் அவளுக்கு ஏசி போடலை. அவர் போட்டார். என் மனைவி சொல்ல வேண்டாம்னு கேட்டதுக்காக, நான் திருடன்னு சொன்னதையும் வாங்கிண்டு வாயைத் திறக்காம போனார். நான் போட்டது பொய். நேத்திக்குப் போட்டதும் பொய்."

அனுப்பினார். நாலு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்துவிட்டார்கள் என்பதற்கான நீலக் குறி வந்தது. ஒரு கட்டைவிரலும் வரவில்லை. ராம்கி ஏதோ எழுதுகிறார் என்று காட்டியது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"சரி சார்," என்றான் சின்னப்பா.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அவர் எதிர்பார்த்தார், அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். ஆனால் வெளியே வந்து, கார் பின்னால் வர வழிகாட்டினான். "லெஃப்ட்ல ஒடிங்க சார். பின்னால மோரி கீது," என்று திறந்து கிடந்த சாக்கடையைக் காட்டி, பெயிண்டில் ஒரு கீறல் இல்லாமல் வண்டியைச் சந்திலிருந்து எடுத்துவிட்டான். ருக்கு பக்கம் குனிந்து, "போய்ட்டு வாங்கம்மா," என்றான். அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஸ்ரீகண்டன் கண்ணாடிகளை ஏற்றினார். ஏசி பட்டனை அழுத்தினார். எவ்வளவு வைக்க வேண்டும் என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். ருக்கு கையை நீட்டி இரண்டில் வைத்தாள். அவளுக்கு அது பழகியிருந்தது. வெளியே பதினொரு மணி வெயில், பஸ், புகை, ஹாரன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சிக்னலில் அவர் இன்ஜினை அணைக்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, பக்கத்து சீட்டில் இருமல் இல்லாமல் ஒரு சிக்னல் பச்சைக்கு மாறியது.

இத்தனை சுலபமாக இருந்திருக்கிறது. ஒரு பட்டன். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டே ஓட்டினார். வீடு நெருங்கிவிட்டது. பிள்ளையார் கோவில் முனையில் வண்டி திரும்பியது.

ருக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். அவள் கை தானாக நீண்டு ஏசியை அணைத்தது. அடுத்த கணம் அவள் பக்கத்துக் கண்ணாடி கீழே இறங்கியது. வெயில் காற்று குப்பென்று உள்ளே வந்து, இருந்த குளிர்ச்சியை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது.

செய்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ, பழக்கம்," என்றாள் மெல்ல.

யாருக்குத் தெரியக் கூடாது என்று அந்தக் கண்ணாடி இறங்கியதோ, அந்த ஆள்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.